மாரிக்கு முன் வீடு தொடங்கலாமா? திருகோணமலையில் வளவு வைத்திருப்போர் கேட்கும் கேள்விகள்

ஆவணி பிறந்துவிட்டால் என் தொலைபேசிக்கு ஓய்வில்லை. வெளிநாட்டிலிருந்து அண்ணன் காசு அனுப்பிவிட்டார், சீட்டுக் காசு கைக்கு வந்துவிட்டது, வங்கிக் கடன் சரிவந்துவிட்டது, மேசன் நாளைக்கே வருகிறேன் என்கிறார்; தொடங்கலாமா, தை வரை பொறுக்கலாமா? முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த மாவட்டத்தில் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்தவன் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்வதைவிட எழுதிவைப்பது மேல் என்று தோன்றியது.

திருகோணமலையில் மாரி எப்போது வருகிறது? எவ்வளவு பெய்கிறது?

ஒக்டோபர் நடுவில் இடியும் மின்னலுமாக மாலை மழை தொடங்கும். நவம்பரில் வாடைக் காற்று நிலைத்துவிடும். நவம்பர், டிசம்பர் இரண்டும் உச்ச மாதங்கள். சராசரியாக ஒவ்வொன்றிலும் 300 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டும். ஆண்டு முழுவதற்கும் நமக்குக் கிடைப்பதே சுமார் 1,600 மில்லிமீற்றர்தான். ஜனவரியிலும் மழை உண்டு. தைப்பொங்கலுக்குக் குடை பிடித்துக்கொண்டு பானை வைத்த வருடங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். மாசியில்தான் நிலம் காயத் தொடங்கும்.

தொடங்கலாமா, கூடாதா? ஒரு வரியில் சொல்லுங்கள்.

ஒரு வரியில் முடியாது. மாரி உங்கள் வீட்டை எந்தக் கட்டத்தில் வந்து பிடிக்கும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். அத்திவாரம் முடிந்து, அதன்மேல் பீம் போட்டு, உள்ளே மண் நிரப்பிய நிலையில் பிடித்தால் நல்லது. கூரை ஏறிய பிறகு பிடித்தால் இன்னும் நல்லது. வெட்டிய கிடங்கு வாய் திறந்து கிடக்கும்போதோ, கூரையில்லாமல் மொட்டைச் சுவர் நிற்கும்போதோ பிடித்தால் காசு கரையும்.

ஆயிரம் சதுர அடிக்குள் ஒரு மாடியில்லாத வீடு என்றால், ஒரு மேசனும் இரண்டு மூன்று கூலியாட்களும் அத்திவாரத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் எடுப்பார்கள். ஆகவே செப்டம்பர் முதல் வாரத்தில் மண்வெட்டி விழுந்தால் அத்திவாரத்தோடு மாரியைச் சந்திக்கலாம். ஒக்டோபரில் வந்து கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: வேலி அடையுங்கள், வரைபடத்தைத் திருத்துங்கள், தைக்குப் பிறகு வெட்டுங்கள்.

நான் டொரொன்டோவில் இருக்கிறேன். இங்கே வின்டருக்கு முன் அத்திவாரத்தை முடிக்க ஓடித்திரிவார்கள். ஊரிலும் அதே அவசரம் வேண்டுமா?

அவசரம் உண்டு, காரணம் வேறு. உங்கள் பக்கம் நிலத்தடி நீர் உறைந்து மண்ணைத் தூக்கும். அதனால் அங்கே அத்திவாரத்தை ஏறக்குறைய நான்கு அடி ஆழத்துக்குக் கொண்டுபோகிறார்கள். குளிரில் சீமெந்து இறுகுவதும் மந்தமாகும். ஈரம் காயாத கொங்கிரீட் உறைந்தால் கெட்டே போகும். போர்வை போர்த்தி, சூடு காட்டித்தான் வேலை செய்வார்கள்.

திருகோணமலையில் மார்கழி விடியற்காலையில்கூட வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. கொங்கிரீட்டுக்கு அது சொர்க்கம். உண்மையில் கச்சான் காற்று வீசும் ஜூன், ஜூலையில்தான் கொங்கிரீட் சிரமப்படும். காலையில் போட்டதன் மேற்பரப்பு மத்தியானத்துக்குள் காய்ந்து வெடிக்கும். மாரியில் சிரமப்படுவது கிடங்கு, மணல், மரம், காற்றில் நிற்கும் சுவர் ஆகியவை. அண்ணா, நீங்கள் டிசம்பர் விடுமுறையில் வந்து வேலையைப் பார்க்க ஆசைப்படுவது புரிகிறது. அந்த மாதத்தில் பார்ப்பதற்குத் தண்ணீர்தான் இருக்கும்.

ஐப்பசியில் நல்ல நாள் இருக்கிறது என்று ஐயர் சொல்கிறார். அதை விடலாமா?

விடவேண்டியதில்லை. பஞ்சாங்கப்படி வாஸ்து புருஷன் கண்விழிக்கும் நாட்கள் ஆண்டில் எட்டு: சித்திரை 10, வைகாசி 21, ஆடி 11, ஆவணி 6, ஐப்பசி 11, கார்த்திகை 8, தை 12, மாசி 22. பஞ்சாங்கம் நமது மழையைப் பார்த்து எழுதப்பட்டதல்ல. ஐப்பசி 11 ஒக்டோபர் கடைசியில் வரும். கார்த்திகை 8 நவம்பர் பிற்பாதியில், அடைமழை நடுவில் வரும். ஆவணி 6 ஓகஸ்ட் பிற்பாதி. எனக்குப் பிடித்தது அதுதான். அதைத் தவறவிட்டவர்களே ஐப்பசியைப் பிடிக்க ஓடுகிறார்கள்.

ஐப்பசியில்தான் நாள் அமைந்தது என்றால், ஈசான மூலையில் ஒரே ஒரு சிறு கிடங்கு வெட்டிக் கல்லை வையுங்கள், பூசையை முடியுங்கள், அன்றே மூடிவிடுங்கள். சடங்கு நடந்துவிட்டது, வேலையைத் தையில் தொடரலாம். நாள் தப்பக்கூடாது என்று நூறு அடி நீளத்துக்குக் கிடங்கு வெட்டிவிட்டு, மறுவாரம் அதற்குள் தவளை கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லா வளவுக்கும் இதே கணக்கா?

இல்லை. நம்மூரில் இரண்டு மைல் போனால் மண் மாறிவிடும்.

உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளி போன்ற கரையோர மணல் வளவுகளில் மழைநீர் மேலே தேங்காது, உடனே இறங்கிவிடும். அதைப் பார்த்து ஏமாறுவார்கள். இறங்கிய நீர் நிலத்தடி மட்டத்தை உயர்த்தும். செப்டம்பரில் ஏழெட்டு அடி ஆழத்தில் இருந்த கிணற்று நீர் மார்கழியில் கையால் அள்ளும் உயரத்துக்கு வந்துவிடும் வளவுகள் உண்டு. அங்கே அப்போது அத்திவாரம் வெட்டினால் கீழிருந்து நீர் ஊறும், பக்க மணல் சரிந்து விழும். இரண்டடி அகலக் கிடங்கு நாலடியாகிவிடும். நீர் இறைக்கும் பம்ப் மணலையும் சேர்த்து உறிஞ்சும். பக்கத்து மதிலின் அடி தொங்கிப்போய் விழுந்தால் அது வேறு வழக்கு.

தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பக்கம் வயலை ஒட்டிய களிமண் வளவுகள் இதற்கு நேர் எதிர். நீர் இறங்கவே இறங்காது. கிடங்கின் அடி சேறாகிக் குழைந்துவிடும். குழைந்த களிமண்ணின் மேல் கொங்கிரீட் கொட்டினால், கோடையில் அந்த மண் சுருங்கும்போது சுவரில் சாய்வாக வெடிப்பு வரும். வேறு வழியின்றி மாரியில் வெட்டவேண்டி வந்தால், கடைசி ஆறங்குல மண்ணை வெட்டாமல் விட்டுவையுங்கள். கொங்கிரீட் போடும் நாள் காலையில் அதை வெட்டி எடுத்து, அன்றே போட்டு முடியுங்கள். இந்த ஒரு காரியத்தை மேசன்மாரிடம் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை வற்றியது.

உவர்மலை போன்ற மேட்டுப் பாறை நிலத்தில் கிடங்கைப் பற்றிக் கவலை குறைவு. மேலிருந்து வரும் வெள்ளத்தை எங்கே திருப்புவது என்பதுதான் அங்கே கேள்வி. கீழ்வீட்டார் தலையில் திருப்பாதீர்கள்.

பள்ள வளவை உயர்த்தவேண்டியிருந்தால் மாரிக்கு முந்திய செப்டம்பர்தான் நல்ல காலம். கிரவலை ஆறங்குலம் ஆறங்குலமாகப் பரப்பி இடித்து, அதன்மேல் ஒரு மாரியைப் பெய்யவிடுங்கள். இறங்கவேண்டியது இறங்கிவிடும். மாசியில் வெட்டும் அத்திவாரம் அசையாது.

மழைக்காலத்தில் கொங்கிரீட் பலமில்லாமல் போகும் என்கிறார்களே?

மழையால் போவதில்லை, மணலால் போகும். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

காய்ந்த மணலை ஒரு பெட்டியில் நிரப்புவதும், ஈர மணலை அதே பெட்டியில் நிரப்புவதும் ஒன்றல்ல. ஈரம் மணிகளை விலக்கிப் பிடிப்பதால் மணல் பொம்மும். கால் பங்கு வரைகூடப் பருமன் கூடும். பெட்டி நிறைந்திருக்கும், உள்ளே மணல் குறைவாக இருக்கும். அதே நேரத்தில் அந்த மணல் தண்ணீரையும் சுமந்து வருகிறது. 1:2:4 கலவையில் (ஒரு பங்கு சீமெந்து, இரண்டு மணல், நான்கு கல்) 50 கிலோ சீமெந்துப் பைக்கு ஏறக்குறைய நூறு கிலோ மணல் போகும். அதில் நூற்றுக்கு ஐந்து ஈரம் என்றாலே ஐந்து லீற்றர் நீர் சொல்லாமல் கொள்ளாமல் கலவைக்குள் வந்துவிட்டது. ஒரு பைக்கு 25 லீற்றர் என்று வைத்துக்கொண்டால், இப்போது ஊற்றவேண்டியது இருபது. நம் ஆட்கள் கோடையில் ஊற்றிய அதே வாளிக் கணக்கை மாரியிலும் ஊற்றுவார்கள். கலவை கஞ்சி போல ஓடும், கரண்டிக்குச் சுகமாக இருக்கும், பலம் போய்விடும்.

சோதிக்க ஒரு வாளி போதும். நேரான பக்கமுள்ள வாளியில் மணலை அமத்தாமல் பன்னிரண்டு அங்குலத்துக்கு நிரப்புங்கள். அதை வெளியே கொட்டி, வாளியில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, மணலைத் திரும்பப் போட்டுக் கிளறிப் படியவிடுங்கள். மணல் ஒன்பதரை அங்குலத்தில் நின்றால், பெட்டிக்குப் பெட்டி ஏறக்குறைய கால் பங்கு மணல் கூட்டிப் போடவேண்டும். ஐந்து நிமிட வேலை. மேசன் சிரிப்பார், சிரிக்கட்டும்.

கொங்கிரீட் கூரை போடும்போது மழை வந்துவிட்டால்?

தூறல் என்றால் தொடரலாம். கனத்த மழை என்றால் நிறுத்துங்கள். நிறுத்தும் இடம் அறையின் நடுப் பகுதியாக இருக்கட்டும். பலகை வைத்து நேராக வெட்டி நிறுத்துங்கள், சரிவாக விடாதீர்கள். போட்டதைப் பொலித்தீனால் மூடுங்கள். முதல் இரண்டு மூன்று மணித்தியாலம் தப்பினால் போதும். அதற்குப் பிறகு பெய்யும் மழை இலவசமாக நீர் ஊற்றிக் கொடுக்கிறது. படங்கும் பொலித்தீனும் காலையிலேயே தளத்தில் இருக்கவேண்டும். மழை வந்த பிறகு கடைக்கு ஆள் அனுப்புவது வேலைக்காகாது.

பலர் மறப்பது முட்டுக்களை. என் சொந்த வீட்டிலேயே நடந்தது. நவம்பர் முதல் வாரம் கூரை போட்டோம். முட்டுத் தடிகளுக்குக் கீழே பலகை வைக்கச் சொல்லியிருந்தேன். நடு மண்டபத்தில் நான்கு தடிகளுக்கு மட்டும் பலகை போதவில்லை என்று உடைந்த சீமெந்துக் கல்லை வைத்துவிட்டார்கள். நானும் குனிந்து பார்க்கவில்லை. அன்றிரவு பெய்த மழையில் உள்ளே நீர் புகுந்து, ஒரு கல் மண்ணுக்குள் அமிழ்ந்தது. விடிய டோர்ச் அடித்துப் பார்த்தபோது அந்தத் தடிக்கும் மேல் பலகைக்கும் இடையில் என் பெருவிரல் நுழையும் இடைவெளி. பலகை கூரையோடு சேர்ந்து வளைந்து நின்றது. வீடு பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் மண்டபத்து மின்விசிறிக்கு அருகில் மட்டம் வைத்தால் குமிழி இன்றைக்கும் நடுவில் நிற்பதில்லை. மனைவி விருந்தாளிகளுக்குக் காட்டுவாள்.

சீமெந்தும் கம்பியும் வாங்கிவைக்கலாமா?

கம்பி வாங்கலாம். நிலத்தில் படாமல் கட்டை மேல் அடுக்கி மூடுங்கள். மெல்லிய செம்பழுப்புத் துரு ஒன்றும் செய்யாது. செதிலாக உரிந்தால் தேய்த்து எடுக்கவேண்டும். கடலோரத்தில் வேலையை இடைநிறுத்தும்போது தூண்களுக்கு மேலே நீட்டி நிற்கும் கம்பிகளுக்குச் சீமெந்துப் பாலைப் பூசிவிடுங்கள். உப்புக் காற்று விடுமுறை எடுப்பதில்லை.

சீமெந்து வாங்கிக் குவிக்காதீர்கள். சீனக்குடாவிலேயே டோக்கியோ சீமெந்து ஆலை இருக்கும் ஊரில் பயம் எதற்கு? வாரத் தேவைக்கு எடுங்கள். மூன்று மாதம் கிடந்த பை நன்றாகச் சேமித்தாலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். ஈரக் கொட்டிலில் அதற்கு முன்பே கட்டி தட்டும். விரலால் அழுத்தி உடையாத கட்டி இருந்தால் அந்தப் பை மதில் பூசவும் வேண்டாம்.

மணல் விலை ஏன் மாரியில் ஏறுகிறது?

மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலைச் சேரும் பக்கத்திலிருந்தும் அதன் கிளையான வெருகல் ஆற்றிலிருந்தும்தான் நமக்கு ஆற்று மணல் வருகிறது. வெள்ளம் வந்தால் அள்ள முடியாது, பாதையும் மூழ்கும். ஆகவே செப்டம்பரில் வாங்கிப் பக்கத்தில் கல் அடுக்கி மூடிவைப்பது லாபம். ஏற்றிவருவதற்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று கடல் மணலை அப்படியே எடுத்துக் கொங்கிரீட்டில் கலப்பவர்களுக்கு ஒரு சொல்: உப்பு உள்ளே இருந்தபடி கம்பியைத் தின்னும்.

கூரை ஏறாத சுவர்கள் மாரியில் நிற்குமா?

மழைக்கு நிற்கும், காற்றுக்குப் பயம். நம்மைத் தாக்கிய பெரும் புயல்களின் மாதங்களைப் பாருங்கள். 1978இல் மட்டக்களப்பைச் சிதைத்தது நவம்பரில் வந்தது. 2000ஆம் ஆண்டில் திருகோணமலைப் பக்கம் வந்தது டிசம்பரில். 2020இல் புரெவி நமக்கு வடக்கே கரையேறியது டிசம்பர் 2ஆம் திகதி. நாலங்குலக் கல்லில் பத்தடி உயர்த்திய முகட்டுச் சுவர் தனியே நிற்பது படகுப் பாய் நிற்பது போல. அப்படி நிறுத்திவிட்டுப் போகவேண்டாம். ஜன்னல் மேற்பட்டம் போட்ட உயரத்தோடு நிறுத்தி, சுவரின் தலையைப் படங்கால் மூடுங்கள். ஒரே நாளில் நாலடிக்கு மேல் கல் வைக்கவும் விடாதீர்கள். ஈரக் கல்லில் சாந்து இறுகச் சுணங்கும்.

கிணறும் மலசலகூடக் குழியும்?

கிணற்றை ஆவணி, புரட்டாசியில் வெட்டுங்கள். நீர் மிகத் தாழ்ந்திருக்கும்போது கிடைக்கும் ஆழமே உண்மையான ஆழம். மாரியில் நாலடியில் நீர் கண்டு மகிழ்ந்து நிறுத்தினால், அடுத்த ஆடியில் பக்கத்து வீட்டுக்கு வாளியோடு போகவேண்டியிருக்கும்.

மலக்குழித் தொட்டியையும் அப்போதே முடியுங்கள். மாரியில் கட்டி வெறுமையாக விட்டால் நிலத்தடி நீர் அதைத் தோணி போலத் தூக்கும், தூக்கியதைக் கண்டிருக்கிறேன். கட்டி முடிந்ததும் நீர் நிரப்பிவிடுங்கள். கிணற்றிலிருந்து ஐம்பது அடியாவது தள்ளியிருக்கட்டும்.

அனுமதிக்கு எவ்வளவு முன்னதாகப் போகவேண்டும்?

கட்டட வரைபட அனுமதி உங்கள் பகுதிச் சபையில். கடலுக்கு அருகில் என்றால் வேறொன்றும் சேரும்: உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்ட, 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டத்தின்படி அந்தத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். மாரியைக் காரணம் காட்டி அனுமதியில்லாமல் அத்திவாரம் போட்டவர்கள் பிறகு அதை இடிக்கவும் மாரி பார்க்கவில்லை. பங்குனியில் கோப்பைக் கொடுங்கள். ஆவணிக்கு நிம்மதியாக இருப்பீர்கள்.

மேசன்மார் மாரியில் கிடைப்பார்களா?

ஒக்டோபர், நவம்பரில் பெரும்போக விதைப்பு. கூலியாட்கள் வயலுக்குப் போய்விடுவார்கள். விதைப்பு முடிந்ததும் ஆட்கள் சும்மா இருப்பார்கள், வானம் விடாது. நாட்கூலிக்குப் பேசினால் மழை நாளில் யாருக்கு எவ்வளவு என்று முன்பே பேசிவிடுங்கள். அரைநாள் வேலை செய்தபின் மழை வந்தால் அரைக்கூலி என்பது நான் கண்ட நியாயமான வழக்கம். தேநீர் மட்டும் முழுநாளுக்கும் கொடுங்கள். கட்டம் முடிந்த பிறகே அந்தக் கட்டத்துக்குரிய காசு.

கதவு, ஜன்னல், வர்ணம்?

மார்கழியில் வேண்டவே வேண்டாம். ஈரத்தில் ஊதிய மரத்தை ஓடாவி இறுக்கிச் சீவிப் பொருத்துவார். ஆனி மாதக் கச்சானில் கதவுக்கும் நிலைக்கும் இடையால் தெரு தெரியும். வர்ணம் சித்திரைக்குப் பிறகு.

நுளம்பு விஷயத்தில் சுகாதாரப் பரிசோதகர் கட்டட இடங்களையே குறிவைப்பது ஏன்?

வைக்கத்தானே வேண்டும். 2017இன் தொடக்கத்தில் கிண்ணியா டெங்கினால் பட்ட பாட்டை மறந்தவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி வரும். நின்றுபோன கட்டடம் போல நுளம்புக்கு வசதியான இடம் வேறில்லை: நீர்ப் பீப்பாய், கலவைத் தட்டு, சீமெந்துக் கல்லின் துளை, தொய்ந்த படங்கின் குழிவு. 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டப்படி உங்கள் மேல் வழக்கு வரும். ஒப்பந்தகாரர் அப்போது தொலைபேசி எடுக்கமாட்டார். வாரத்தில் ஒரு நாள் நீங்களே போய்க் கவிழ்த்துவிடுங்கள்.

அத்திவாரத்தோடு நிறுத்திவிட்டோம். தை வரை நான் என்ன செய்வது?

அடைமழை பெய்யும் ஒரு நாளில் குடையும் ஒரு கட்டுத் தடியும் எடுத்துக்கொண்டு வளவுக்குப் போங்கள். நீர் எந்த வேலியால் நுழைகிறது, எங்கே சுற்றுகிறது, எந்த இடத்தில் மறுநாளும் நிற்கிறது என்று பார்த்துத் தடி நட்டு, படமும் எடுத்துவையுங்கள். பக்கத்து வீட்டுப் பழைய மதிலில் நீர் நின்ற கறையின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். பாலையூற்றில் ஒரு தம்பி இப்படி நட்ட தடிகள் பதினொன்று. அவற்றுள் ஏழு, வரைபடத்தில் சமையலறை வாசற்படி இருந்த இடத்தில் நின்றன. தையில் வாசலைக் கிழக்குப் பக்கம் மாற்றினோம். அத்திவாரத்தில் ஒரு கல்லையும் தொடவேண்டியிருக்கவில்லை.